கஞ்சா: குற்றநீக்கம் வேறு, சட்ட அனுமதி வேறு

போர்ச்சுகல் 2001இல் செய்தது குற்றநீக்கம் மட்டுமே. சொந்தப் பயன்பாட்டுக்கெனப் பத்து நாள் அளவுக்கு மிகாமல் வைத்திருப்பவர் சிறைக்கன்றி ஆலோசனைக் குழுவிடம் அனுப்பப்படுகிறார். விற்பது அங்கு இன்றும் குற்றமே. கனடா 2018இல் வழங்கியது சட்ட அனுமதி. உரிமம் பெற்ற கடைகள் விற்கின்றன.

இந்தியாவில் இவ்விரண்டும் இல்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி, கஞ்சா புகைத்தாலே ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். இவ்வச்சத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, கஞ்சாவுக்கு அடிமையான ஒருவர் அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், பயன்படுத்திய குற்றத்துக்கான வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. சிகிச்சையை இடையில் கைவிட்டால் அவ்விலக்கு திரும்பப் பெறப்படலாம். நிறுத்திய முதல் வாரத்தில் எரிச்சலும் உறக்கமின்மையும் மிகும். கைவிடும் எண்ணம் எழுவதும் பெரும்பாலும் அப்போதுதான். பராமரிப்பாளராகிய நீங்கள் அந்நாட்களில் உடனிருங்கள்.