குழந்தைகளுக்கான சிரைவழி மயக்க மருந்து

சிரைவழி மயக்கம் என்பது, அறுவை சிகிச்சையின்போது மயக்க மருந்தைச் சிரை எனப்படும் இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தி நோயாளியை உணர்விழக்கச் செய்யும் முறையாகும். முகமூடி வழியாக மயக்க வாயுவைச் சுவாசிக்கச் செய்வது மற்றொரு முறை. ஊசிக்கு அஞ்சும் குழந்தைகளை முதலில் வாயுவால் உறங்க வைத்து, பிறகு சிரையில் ஊசிக்குழாய் பொருத்துவதும் உண்டு.

மருந்துகள்

தயோபென்டால் 1934 ஆம் ஆண்டு அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது. கீட்டமின் 1970 இல் அந்நாட்டின் ஒப்புதலைப் பெற்றது. இது வலியையும் போக்கும். உரிய அளவில் கொடுத்தால் மூச்சை அதிகம் தளர்த்தாது. எனவே எலும்பு முறிவைப் பொருத்துதல், தீப்புண்ணுக்குக் கட்டு மாற்றுதல் போன்றவற்றுக்குப் பயன்படுகிறது. 1980களில் வந்த புரோப்போஃபால், சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் கலந்த குழம்பாதலால் பால்போல் வெண்மையாக இருக்கும். இதனால் குழந்தை விரைவில் தெளிவடையும், வாந்தியும் குறைவு. ஆனால் இது வலியைப் போக்காது. ஆகவே ஃபென்டனில் போன்ற வலிநீக்கியும் சேர்த்துக் கொடுக்கப்படும்.

மருந்தின் அளவு

அளவு உடல் எடையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. மயக்கத்தைத் தொடங்க, பெரியவருக்குக் கிலோவுக்கு 1.5 முதல் 2.5 மில்லிகிராம் புரோப்போஃபால் போதும். மூன்று வயதைக் கடந்த நலமான குழந்தைக்கு 2.5 முதல் 3.5 மில்லிகிராம் தேவைப்படலாம். சிறுவர் உடலில் மருந்து அதிகமாகப் பரவி, வேகமாக வெளியேறுவதே காரணம். பச்சிளங் குழந்தைகளுக்கோ கல்லீரல் முழு வளர்ச்சி பெறாததால் மருந்து மெதுவாகவே வெளியேறும். இதனால்தான் அறுவைக்கு முன் குழந்தையை எடை பார்க்கிறார்கள். மயக்கம் முடியும்வரை நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றை மயக்கவியல் மருத்துவர் அருகிலிருந்து கண்காணிப்பார்.

வெறும் வயிறு ஏன்?

மயக்கத்தில் இருமலும் விழுங்கும் செயலும் அடங்கிவிடும். அப்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அறுவைக்கு முன் திட உணவையும் பசும்பாலையும் 6 மணி நேரமும், தாய்ப்பாலை 4 மணி நேரமும், தண்ணீரை 2 மணி நேரமும் நிறுத்துவது பொதுவான வழக்கம். சில மருத்துவமனைகள் தண்ணீரை 1 மணி நேரம் முன்புவரை அனுமதிக்கின்றன.

பசித்து அழும் பிள்ளைக்கு இரக்கப்பட்டு யாரேனும் ஏதாவது ஊட்டிவிடுவது எங்கும் நடக்கக்கூடியது. ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பகுதிகளில் ஒரு வாய் பால்கோவாவாகவும் அது இருக்கலாம். பால்கோவாவும் திட உணவுக் கணக்கில்தான் சேரும். அப்படிக் கொடுத்திருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அவசரமில்லாத அறுவையைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம். சளி, காய்ச்சல், ஒவ்வாமை, குடும்பத்தில் எவருக்கேனும் முன்பு மயக்க மருந்தால் ஏற்பட்ட தொல்லை ஆகியவற்றையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.