பாசறையிலே பிறந்த பிள்ளை

முல்லைப்பாட்டைப் படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். பாசறையிலே துயில் கொள்ளாது கவலையோடிருக்கும் அரசனையும், அவன் வரவு நோக்கி இல்லத்திலே ஆற்றியிருக்கும் தேவியையும் எடுத்து விளக்கினேன். போர்க்களம் வேறு, இல்லறம் வேறு என்று இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் நிற்பதனாலேயே அப்பாட்டிற்கு அத்துணை உருக்கம் வாய்த்தது என்று சொல்லி முடித்தேன். மலையகத்துப் பாடசாலை அது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“சேர், இந்தக் காலத்துப் பாசறையில குடும்பமும் கூடத்தானே இருக்கு? அங்க பொறக்கிற புள்ள எந்த நாட்டுப் புள்ள?”

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாணவியின் பாட்டனார் இந்த மண்ணிலேயே பிறந்தவர். ஆயினும் 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், “உன் தந்தை இங்கே பிறந்தமைக்குச் சான்று காட்டு” என்று கேட்டபோது, காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாதவர். 2003ஆம் ஆண்டில் வேறொரு சட்டம் வரும்வரை நாடற்றவர் என்ற பெயரோடு வாழ்ந்தவர். அவ்வீட்டுப் பிள்ளை இக்கேள்வியை விளையாட்டாகக் கேட்டிருக்க முடியாது. “நாளைக்குச் சொல்கிறேன்” என்றேன். அந்த நாளை வருவதற்குப் பல வாரங்கள் சென்றன. அத்தேட்டத்திலே நான் கண்டவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கேள்விக்கு விடை தேடுவோர் அமெரிக்க ஐக்கிய நாட்டையே முதலில் நோக்க வேண்டும். கடல் கடந்த நாடுகளிலே அதனைப்போல் இத்தனை பாசறைகளை அமைத்த அரசு இன்று வேறில்லை. ஜேர்மனியிலும் யப்பானிலும் தென்கொரியாவிலும் உள்ள அதன் தளங்கள் வெறும் கூடாரங்களல்ல. பாடசாலை, கடைவீதி, தேவாலயம், மருத்துவமனை யாவும் அமைந்த சிறு நகரங்கள். முல்லைப்பாட்டின் அரசன் இல்லத்திலே விட்டுச் சென்ற தேவி, இங்கே பாசறைக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறாள். அங்கேயே பிள்ளையும் பெறுகிறாள்.

அப்பிள்ளை அமெரிக்கக் கொடியின் கீழ்ப் பிறந்தது. ஆதலால் அமெரிக்க மண்ணிலே பிறந்ததற்குச் சமம் என்றே பலரும் எண்ணுவர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அஃது உண்மையன்று. அந்நாட்டு அரசியலமைப்பில் 1868ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட பதினான்காம் திருத்தம், ஐக்கிய நாட்டிலே பிறந்து அதன் அதிகாரத்துக்கு உட்பட்டவர் எவரும் அதன் பிரஜைகள் என்று கூறுகிறது. சான் பிரான்சிஸ்கோவிலே சீனப் பெற்றோருக்குப் பிறந்த ஒருவர் அமெரிக்கப் பிரஜையே என 1898இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இவ்விதியின்படியே. ஆனால், அயல்நாட்டிலுள்ள பாசறை அயல்நாட்டு மண்ணே. அங்கே பிறக்கும் பிள்ளைக்கு மண்ணின் வழியாக உரிமை கிட்டாது. பெற்றோரின் வழியாகவே கிட்ட வேண்டும்.

புகழ்பெற்ற வீட்டுப் பிள்ளைகளையும் இச்சிக்கல் விட்டு வைக்கவில்லை. செனற் சபை உறுப்பினராக விளங்கிய ஜோன் மக்கெயின், பனாமாக் கால்வாய் வலயத்திலிருந்த கடற்படைத் தளமொன்றிலே 1936இல் பிறந்தவர். தந்தையார் கடற்படை அதிகாரி. அவ்வலயத்திலே அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தோர் பிரஜைகள் எனத் தெளிவாக உரைக்கும் சட்டம் அடுத்த ஆண்டில், 1937இலேதான் வந்தது. 2008இல் அவர் சனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டபோது, அவர் பிறப்பினாலேயே பிரஜையானவரா என்ற வாதம் எழுந்தது. அவ்வாறானவரே என்று செனற் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று. வியட்நாமிலே ஐந்தாண்டுகளுக்கு மேல் போர்க்கைதியாகக் கிடந்து மீண்ட ஒருவரின் பிறப்பைப் பற்றியே இப்படி ஒரு வாதம் எழுந்ததென்றால், சாதாரணப் போர்வீரனின் பிள்ளைக்கு யார் தீர்மானம் நிறைவேற்றுவார்?

பெற்றோர் இருவரும் அமெரிக்கப் பிரஜைகளாயின் பெரிய தடையில்லை. அவர்களுள் ஒருவர் முன்னர் அந்நாட்டில் வசித்திருந்தாற் போதும். ஒருவர் மட்டும் பிரஜையாயிருந்தாற்றான் கணக்குத் தொடங்குகிறது. பிள்ளை பிறக்குமுன் அவர் ஐக்கிய நாட்டிலே ஐந்தாண்டுகள் இருந்திருக்க வேண்டும். அவற்றுள் இரண்டாண்டுகளேனும் பதினான்கு வயதுக்குப் பின்னர்க் கழிந்தனவாயிருத்தல் வேண்டும். 1986ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதிக்கு முன் பிறந்த பிள்ளைகளுக்கோ பத்தாண்டுகள் என்றும், அவற்றுள் ஐந்து பதினான்கு வயதுக்குப் பின் என்றும் இருந்தது. கண்ணியமாகப் படைச்சேவை செய்த காலத்தை, அயல்நாட்டிலே கழிந்ததாயினும், தாய்நாட்டிலே கழிந்ததாகச் சட்டம் எண்ணிக்கொள்ளும். அனுப்பப்பட்டவன் வேறு, தானே புறப்பட்டுப் போனவன் வேறு என்ற உண்மையை அச்சட்டம் அந்த ஓரிடத்தில் உணர்ந்திருக்கிறது என்பது பாராட்டுக்குரியது.

ஆயினும் அந்தக் கணக்குக்குள்ளும் அடங்காத பிள்ளைகள் உண்டு. 1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, ஜேர்மனியின் பிராங்பேட் நகரிலிருந்த அமெரிக்க இராணுவ மருத்துவமனையில் ஒரு குழந்தை பிறந்தது. தந்தை யமேக்காவிலே பிறந்து, அமெரிக்கப் படையிற் சேர்ந்து, 1984இல் அமெரிக்கப் பிரஜையானவர். தாய் கென்யா நாட்டவர். தந்தையின் பத்தாண்டுக் கணக்கு நிறைவுறவில்லை. மூன்று மாதங்கள் கழித்து அந்தப் பத்து ஐந்தாயிற்று. ஆனால் சட்டம் பிறந்த நாளைத்தான் பார்க்கும். அக்காலத்து ஜேர்மனிய சட்டமும் அந்நாட்டு மண்ணிலே பிறந்ததற்காக மட்டும் ஒருவரைப் பிரஜையாக ஏற்பதில்லை. பிள்ளை அமெரிக்காவிலேயே வளர்ந்தான். வளர்ந்தபின் குற்றங்கள் சிலவற்றுக்காகத் தண்டனையும் பெற்றான். அதனை நான் மறைக்கவில்லை. அவனை நாடு கடத்த வழக்கு எழுந்தபோது, “இராணுவத் தளத்திலே பிறந்தவன் நான், ஆதலால் அமெரிக்காவிலே பிறந்தவன்” என வாதாடினான். தளம் அரசியலமைப்பு கூறும் ஐக்கிய நாட்டுக்குள் அடங்காது என 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. மறு ஆண்டு உயர்நீதிமன்றமும் அவ்வழக்கை ஏற்க மறுத்துவிட்டது. தந்தை பிறந்த நாடு என்பதனால், தான் ஒருநாளும் வாழ்ந்திராத யமேக்காவுக்கு அவன் அனுப்பப்பட்டான்.

குற்றத்துக்குத் தண்டனை சிறை. அதனை எவரும் மறுக்கார். ஆனால் அவனை ஒத்த குற்றம் செய்து, அவனுக்கு அடுத்த கூண்டிலே கிடந்தவன், தண்டனை முடிந்ததும் தன் ஊருக்குத் திரும்பியிருப்பான். இவனுக்கு ஊர் இல்லாமற் போயிற்று. தந்தையை அந்தத் தளத்துக்கு அனுப்பியது யார்? எய்தவன் இருக்க அம்பை நோவதேன் என்பார்களே, அது இதற்கு மிகவும் பொருந்தும்.

இனி, ஒரே ஒரு சொல்லால் விளைந்த கலக்கத்தையும் சொல்ல வேண்டும். பிறப்பிலே உரிமை பெறாத பிள்ளைகளுக்கு, அதாவது தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகள், பிள்ளை பிறந்தபின் பிரஜையான போர்வீரரின் பிள்ளைகள் போன்றோருக்கு, வேறொரு வழி இருந்தது. பதினெட்டு வயதுக்குள், நிரந்தர வதிவுரிமை பெற்று, பிரஜையான தாய் அல்லது தந்தையின் பாதுகாப்பில் ஐக்கிய நாட்டிலே ‘வசிக்கும்’ பிள்ளை தானாகவே பிரஜையாகும் என 2000ஆம் ஆண்டின் சட்டம் கூறிற்று. அரசின் கட்டளைப்படி வெளிநாட்டுத் தளத்திலிருக்கும் வீரரின் பிள்ளையும் ஐக்கிய நாட்டிலே வசிப்பதாகவே குடிவரவுத் திணைக்களம் கொண்டிருந்தது. 2019 ஓகஸ்டில் அது தன் வியாக்கியானத்தை மாற்றிற்று. அவ்வாண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி முதல், தளத்திலே இருக்கும் பிள்ளை ஐக்கிய நாட்டில் வசிக்கும் பிள்ளையன்று என ஆயிற்று. பெற்றோர் தனியே விண்ணப்பித்து, பிள்ளைக்குப் பதினெட்டு நிறையுமுன் அலுவல் யாவும் முடிக்க வேண்டும். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ‘வசித்தல்’ என்ற சொல்லின் பொருள் மட்டுமே மாறிற்று. சொற்பொருள் ஆராய்ச்சி பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணும் மாணவர்கள் இதனைச் சற்றே சிந்திப்பார்களாக.

பாதிக்கப்பட்டோர் தொகையிற் சிலரே. ஆயினும் படைக்குடும்பங்கள் கலங்கின. எதிர்ப்புக் குரல் எழுந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி புதிய சட்டமொன்று கையொப்பமாயிற்று. அரசின் கட்டளையால் அயல்நாட்டிலே பணிபுரியும் படைவீரரதும் அரச ஊழியரதும் பிள்ளைகள், அங்கே அவர்களோடு வாழ்ந்தாலும், தாய்நாட்டில் வசிப்போராகவே கொள்ளப்படுவர் என்ற கருத்தை அது நிலைநாட்டிற்று. பிழை நேர்ந்து ஐந்து மாதத்துக்குள் திருத்தம் வந்தது. பிரித்தானியாவின் 1981ஆம் ஆண்டுச் சட்டமும் இக்கருத்தைத் தழுவியதே. தாய்நாட்டிலே சேர்க்கப்பட்டு, முடியின் சேவையில் அயல்நாடு சென்ற பிரஜைக்கு அங்கே பிறக்கும் பிள்ளை, வெறும் வம்சாவழிப் பிரஜைக்குரிய குறைகள் இன்றி முழு உரிமை பெறுகிறது. தன் பிள்ளைக்கும் அதனைக் கொடுக்க வல்லதாகிறது.

இவ்வளவும் தந்தையின் பெயர் பதிவேட்டிலே எழுதப்பட்ட பிள்ளைகளின் கதை. பாசறை வேலிக்கு அப்பால் பிறந்த பிள்ளைகளின் கதை வேறு. பிலிப்பைன்ஸிலே அமெரிக்க விமானப்படையில் இருந்த ஒருவருக்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கும் 1970இல் ஒரு மகள் பிறந்தாள். பெற்றோர் மணம் செய்யவில்லை. அவர் தன் தந்தையே என்று நீதிமன்றம் உறுதிசெய்தபோது அவளுக்கு இருபத்தொரு வயது கடந்திருந்தது. அவ்வயதுக்குள் தந்தை ஏற்றிருக்க வேண்டும் என்ற விதியின்படி அவளுடைய கோரிக்கை 1998இல் உயர்நீதிமன்றத்திலே தோற்றது. மணமாகாத தாய் அமெரிக்கப் பிரஜையாயிருந்திருந்தால் இந்த நிபந்தனை அவளுக்கு இல்லை. தந்தைக்கு மட்டும் தனி நிபந்தனை விதிப்பது செல்லும் என 2001இல் அதே நீதிமன்றம் மீண்டும் உரைத்தது. கொரியா, வியட்நாம், லாவோஸ், கம்போடியா, தாய்லாந்து ஆகிய நாடுகளிலே அமெரிக்கத் தந்தையருக்குப் பிறந்தோர் குடிவர 1982ஆம் ஆண்டுச் சட்டமொன்று வழி திறந்தது. அது தந்தது குடிவரும் வழியையே, பிரஜாவுரிமையை அன்று. பெருந்தளங்கள் நெடுங்காலம் நிலைத்திருந்த பிலிப்பைன்ஸோ அப்பட்டியலிலே இடம்பெறவில்லை.

ஆக, ஒரே வீரன் ஒரே கட்டளையின்படி ஒரே ஊரிலே இருக்கிறான். வேலிக்குள்ளே பிறந்த பிள்ளைக்காகப் பாராளுமன்றம் ஐந்து மாதத்தில் விரைந்து எழுகிறது. வேலிக்கு வெளியே பிறந்த பிள்ளை, தந்தை மனம் இரங்கி ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்கிறது. படைக்கு அனுப்பும் அரசு, அனுப்பியதன் விளைவுகள் யாவற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே என் துணிபு. மணந்த மனைவியின் பிள்ளையோடு அப்பொறுப்பு முடிந்துவிடாது.

இவற்றையெல்லாம் வகுப்பிலே ஒருவாறு சுருக்கிச் சொன்னேன். அம்மாணவி எழுந்து நின்று நெடுநேரம் யோசித்தாள்.

“அப்ப அங்கயும் அப்பாவோட கடதாசியத்தான் கேக்குறாங்களா, சேர்?”

“ஆம்” என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அன்று மாலை அதிபரின் அலுவலகத்துக்குச் சென்று, என் வகுப்பிலே பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி ஒப்படைக்காத மாணவர்கள் எவரெவர் என்று பெயர்ப்பட்டியலைப் பார்த்தேன். மூவர் இருந்தனர். அம்மூவரின் வீடுகளுக்கும் அடுத்த சனிக்கிழமை நடந்து சென்றேன்.