கம்பிக்கூண்டும் ஒரு கட்டடம்தான்!



முதல் வருஷ லீவில் நான் கட்டிய முதல் 'கட்டடம்' ஒரு பறவைக்கூண்டு. எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார். "எஞ்சினியரே கட்டட்டும்" என்று சிரித்தபடி ஒதுங்கிக்கொண்டார். எட்டு லவ் பேர்ட்ஸ் வாங்கி விட்டேன். பத்தாம் நாள் காலையில் மூன்றுதான் மிச்சம். இராத்திரி எலி புகுந்திருக்கிறது. அப்பா கூண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மேலயெல்லாம் நல்லாத்தான் பண்ணிருக்க. அஸ்திவாரம் எங்கடா?"

அந்த ஐந்து உயிர் போய் நான் கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் எந்தப் பறவை? பச்சைக்கிளி, முனியா போன்ற நம் நாட்டுக் காட்டுப் பறவைகளை அடைத்து வைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் பட்ஜரிகர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. வறண்ட வெளிகளில் கூட்டமாகப் பறக்கும் பறவை. ஹெலிகாப்டர் மாதிரி செங்குத்தாக ஏறாது, நேராகப் பறக்கும். ஆகவே உயரத்தைவிட நீளம்தான் முக்கியம். என் அளவு: நீளம் 6 அடி, அகலம் 3 அடி, உயரம் 6 அடி.

தரை: மண் தரை என்றால் கம்பிவலையை ஓரடி ஆழம் புதைக்க வேண்டும். சிமெண்ட் தளம் இன்னும் நல்லது. 6 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் கொடுத்தால் கழுவின தண்ணீர் தேங்காது. தண்ணீர் போகும் ஓட்டைக்கும் வலை போட மறக்காதீர்கள். எலிக்கு அதுவே ராஜபாட்டை!

வலை: நான் போட்டது ஓரங்குலக் கண் உள்ள கோழிவலை. அதுதான் தப்பு. அரை அங்குல வெல்டு மெஷ் போடுங்கள். சுண்டெலி, குட்டிப்பாம்பு வரும் இடமென்றால் கீழ் இரண்டடிக்குக் கால் அங்குல வலை. புது ஜி.ஐ. வலையில் துத்தநாகப் பொடி ஒட்டியிருக்கும். பறவை அலகால் கம்பியைக் கடித்து ஏறும்போது அது வயிற்றுக்குள் போய் விஷமாகும். வினிகர் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவிட்டு மாட்டுங்கள்.

திசை: மேற்கும் வடக்கும் சுவர், கிழக்கும் தெற்கும் வலை. காலை வெயில் வரும், உச்சிக்குமேல் அடிக்கும் வெயில் வராது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு சாரல் அடிக்கும்போது கிழக்கில் தார்ப்பாய் தொங்கவிடலாம். கூரையில் பாதியாவது ஓடு வேண்டும்.

கதவு: இரட்டைக் கதவு. வெளிக்கதவைச் சாத்திய பிறகே உள்கதவைத் திறக்கணும். இல்லாவிட்டால் பறவை 'டாடா' காட்டிவிடும்.

உள்ளே: உட்கார ஒரே கனமுள்ள பைப் வேண்டாம். கொய்யா, வேப்பங்கிளைகள் போதும். பருமன் மாறி மாறி இருந்தால் காலுக்கு நல்லது. தீனித்தட்டுக்கு மேலே கிளை கட்டாதீர்கள், எச்சம் விழும்.

குஞ்சு பொரிக்க மண்கலயம் கட்டுவோம். பெட்டைகள் கலயத்துக்குச் சண்டை போடும். அதனால் மூன்று ஜோடிக்கு ஆறு கலயம், எல்லாம் ஒரே உயரத்தில். ஒன்றுவிட்டு ஒருநாள் முட்டையாக நாலு முதல் ஆறு வரை இடும். அடைகாப்பு சுமார் 18 நாள். ஐந்து வாரத்தில் குஞ்சு வெளியே வரும். இரண்டு ஈடு முடிந்ததும் கலயங்களைக் கழற்றி விடுங்கள், தாய்க்கு ஓய்வு வேண்டாமா? சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு ஒன்று கட்டித் தொங்கவிட்டால் போதும்.

இரண்டாவது கூண்டுக்கு நான் டிராயிங் போட்டேன், அப்பா தளம் போட்டார். இப்போது அதில் பதினொரு பறவைகள். அன்று வேலை முடிந்து கையைக் கழுவிவிட்டு அப்பா என் டிராயிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல எது தரை, எது சுவருன்னு எனக்கும் சொல்லிக்கொடுடா" என்றார்.

தினமும் ராத்திரி ஒரு பக்கம் சொல்லிக்கொடுக்கிறேன் நண்பர்களே. அஸ்திவாரத்தைப் பற்றி மட்டும் அவர்தான் எனக்கு வாத்தியார்.

— இரண்டாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு