வேலைக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளுக்கு

நெசவாளர் குடும்பங்களிலும் உழவர் குடும்பங்களிலும் பட்டம் பெற்ற இளைஞர்களும் யுவதிகளும் இன்று பலர் உளர். ஆய்வின் பொருட்டுச் சங்கங்களுக்குச் செல்லும்பொழுது, வேலைக்காக அவர்கள் எழுதிய சுயவிவரக் குறிப்புகளை நாம் காண நேர்கிறது. 'முன் அனுபவம்' என்ற தலைப்பின்கீழ் 'இல்லை' என்னும் ஒரே சொல்லை எழுதியோர் அநேகர். விடுமுறை நாட்களிலெல்லாம் தார் சுற்றியும், பாவு ஓட்டுவதில் துணை நின்றும், வீட்டுப் பற்றுவரவு எழுதியும் வந்தவர்கள் இவ்வாறு எழுதுவது உண்மைக்கும் மாறு, தமக்கும் நஷ்டம்.

வீட்டில் செய்வதை வேலையென்று எண்ணாமை இதற்கு ஒரு காரணம். தறியின் பெயரைச் சொன்னால் மதிப்புக் குறையுமோ என்ற கூச்சம் மற்றொன்று. இரண்டும் களையத்தக்கன. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எண்பது இருப்பின் அது 80ஆம் எண் பருத்தி நூல் என்பதை ஜவுளி நிறுவனத்தார் புதிதாய்ச் சேர்வோர்க்குக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. தொட்ட அளவில் நூலின் தரம் அறிந்த பிள்ளை அதனை மறைப்பானேன்?

கூட்டுறவு நிறுவனங்களின் உதவியாளர் பணிக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் கேட்கும் படிவம் வேறு. அங்குக் கேட்ட விவரங்களைப் பிழையின்றி நிரப்புதலே கடமை. நாம் இங்குக் கூறுவது கரூர், திருப்பூர், ஈரோடு முதலிய ஊர்களின் தனியார் நிறுவனங்களுக்குத் தாமே எழுதி அனுப்பும் குறிப்பைப் பற்றியது.

அக்குறிப்பு ஒரு பக்கத்தில் அடங்குவது நலம். முதலில் பெயர், முகவரி, கைபேசி எண். அடுத்து, எந்தப் பணிக்கு விண்ணப்பம் என்பது ஒரு வரியில். பின்னர் செய்த வேலைகள், அண்மையில் செய்தது முதலாக. அதன்பின் கல்வி, பயிற்சி, அறிந்த மொழிகள். சாதி, மதம், ஆதார் எண் ஆகியவற்றை இதில் எழுத வேண்டுவதில்லை.

செய்த வேலையை எழுதும் முறைதான் முக்கியமானது. 'கடின உழைப்பாளி, நேர்மையானவர்' என்று எவரும் எழுதலாம். படிப்பவர் மனத்தில் அது பதிவதில்லை. 'எங்கள் இரு குழித்தறிகளுக்கும் சங்கத்தில் நூல் பெற்ற கணக்கையும், நெய்த சேலைகளை ஒப்படைத்த கணக்கையும் 2021 முதல் 2024 வரை எழுதி வந்தேன்' என்பதோ படிப்பவரை நிறுத்தும். இருப்புக் கணக்குத் தெரிந்தவர் என்பதை அவ்வரியே சொல்லிவிடும். பால் சங்கத்தில் பால்மானி கொண்டு மாதிரி பார்த்தவரும், மஞ்சள் விற்ற சிட்டைகளைப் பேணியவரும் அவ்வாறே ஆண்டும் எண்ணிக்கையும் குறித்து எழுதலாம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. செய்யாததைச் செய்ததாக எழுதலாகாது. கணினியில் கணக்கெழுதத் தெரியும் என்று எழுதியவரிடம், நேர்காணலில் ஒரு பற்றுச்சீட்டைக் கொடுத்துப் பதியச் சொல்லக்கூடும். மேலும், பெயரும் முன்னெழுத்தும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் ஒரு முன்னெழுத்தும் வேறிடத்தில் இரண்டும் இருப்பின், சான்றிதழ் சரிபார்க்கும் வேளையில் வீண் இடர் நேரும். அனுப்புமுன் பிறர் ஒருவரைக் கொண்டு ஒருமுறை படிப்பித்தல் உத்தமம்.

சங்கச் செயலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உறுப்பினரின் பிள்ளை சான்றுக் கடிதம் கேட்டு வந்தால், பதிவேடுகளில் உள்ள அளவுக்கு உண்மையைக் குறித்துக் கொடுத்துதவுக. மிகையும் வேண்டா, மறுப்பும் வேண்டா.

பெற்றோரே! உங்கள் பிள்ளை வேலை தேடி எழுதும் குறிப்பை வாங்கிப் பாருங்கள். அதில் உங்கள் தறியும் நிலமும் இடம்பெறவில்லையெனில், இடம்பெறச் செய்யுங்கள். அவை கற்பித்த கல்விக்குப் பட்டத்தின் அருகிலேயே இடமுண்டு.