அடைக்கலம் புகுந்த இளங்குதிரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள டென்னசி மாநிலம் ஓரினக் குதிரைக்குப் பேர்போனது. மற்றைக் குதிரைகள் விரையத் தொடங்கினால் மூலைக்கு மூலை இரு கால்களைச் சோடியாக எடுத்து வைக்கும், ஏறியிருப்பவர் குலுங்குவார். டென்னசி நடைக்குதிரையோ விரைந்து செல்லும்போதும் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகவே ஊன்றும். பின்னங்கால் முன்னங்காலின் சுவட்டைத் தாண்டி விழும். நடைக்கிசையத் தலை மேலும் கீழும் அசையும். ஏறியிருப்பவருக்கு நெடுந்தொலைவும் களைப்புத் தோன்றாது. 1886இல் பிறந்த பிளாக் அலன் என்னும் ஆண்குதிரையே இவ்வினத்தின் முதல்வனாகக் கொள்ளப்படுகின்றது. இனத்தைப் பதிவு செய்யும் சங்கம் 1935இல் தோன்றியது.

இத்தகைய நடை பிறவியிலேயே அமைவது. நடை வேறுபாட்டுக்கு ஒரு பரம்பரையலகின் மாற்றம் காரணமாயிருத்தலை 2012இல் வெளியான ஆய்வொன்று விளக்கிற்று. ஆயினும் இயற்கை தந்தது போதாதென எண்ணிய சிலர், காட்சிப் போட்டிகளில் முன்னங்கால்கள் வானளாவ உயர வேண்டுமெனக் கொடிய வழியொன்றைக் கைக்கொண்டனர். குளம்புக்கு மேலுள்ள மென்றோலில் கடுகெண்ணெய், மண்ணெண்ணெய் முதலியவற்றைப் பூசிப் புண்ணாக்கி, அதன்மேல் சங்கிலி பூட்டினர். நிலத்தைத் தொட்டால் நோகும். ஆதலால் குதிரை காலை உயர்த்தும். அதனையே பார்ப்போர் அழகென்றனர். 1970இல் குதிரைப் பாதுகாப்புச் சட்டம் இதனைத் தடுக்க எழுந்தது. எனினும் அக்கொடுமை முற்றாக ஒழிந்ததில்லை.

இவ்வாறு துன்புற்றோ பட்டினி கிடந்தோ மீட்கப்படும் இளங்குதிரையொன்று புதிய இல்லத்துக்கு வரும்போது அதனை எவ்வாறு பேணுதல் வேண்டும்?

முதல் நாளிலேயே பெருந்தவறு நேர்வதுண்டு. எலும்பும் தோலுமாய் வந்த குதிரையைக் கண்டு மனமிரங்கி, தானியத்தை அள்ளிக் கொட்டுவர். நெடுநாட் பட்டினி கிடந்த உடலில் மாப்பொருள் திடீரெனச் சேர்ந்தால், இன்சுலின் மிகுந்து, இரத்தத்திலுள்ள பொசுபரசும் மகனீசியமும் பொற்றாசியமும் கலங்களுக்குள் இழுபட்டுவிடும். இதயமும் சுவாசமும் தளரும். சில நாட்களில் குதிரை இறக்கவும் கூடும். பசியால் இறவாதது உணவால் இறக்கும் விந்தை இது. ஆதலால் மிருக வைத்தியரின் சொற்படி, குதிரைமசால் என்னும் உலர்தீவனத்தைச் சிறிது சிறிதாக, நாளுக்குப் பலமுறை கொடுத்து, நாட்கள் செல்லச் செல்லக் கூட்டுதலே முறை. தூய நீர் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். பட்டினி கிடவாத குதிரைக்கும், பழைய தீவனத்திலிருந்து புதியதற்கு மாறுதல் ஒரு வாரத்துக்குக் குறையாமல் மெல்ல நிகழ்தல் நன்று. இன்றேல் வயிற்றுவலி தோன்றும்.

அடுத்தது தனித்து வைத்தல். தொற்றுநோய் மறைந்திருக்கலாமாகையால், இரண்டு மூன்று வாரங்கள் மற்றைக் குதிரைகளோடு சேர்க்கலாகாது. ஆனால் குதிரை கூட்டமாய் வாழும் விலங்கு. தனிமையே அதற்குப் பேரச்சம். எனவே வேறொரு குதிரையைத் தொலைவிலேனும் காணக்கூடிய இடத்தில் அதனை நிறுத்துவர். இக்காலத்தில் மிருக வைத்தியர் குடற்புழு, பல், ஏற்புவலித் தடுப்பூசி என்பவற்றைக் கவனிப்பார்.

இனி, அச்சத்தைத் தீர்த்தல். குதிரையின் கண்கள் பக்கவாட்டில் அமைந்தவை. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் அது காணாது. ஆகவே தோட்பக்கமாகவே, மெல்லப் பேசிக்கொண்டு அணுகல் வேண்டும். உணவும் வருகையும் நாடோறும் ஒரே வேளையில் நிகழ்ந்தால், அடுத்து யாது நிகழும் என்பதை அது அறியும், அறிந்தபோது அமைதியுறும்.

காலிற் புண்பட்ட குதிரை காலைத் தொடவிடாது. அதனை அடித்துப் பணியவைத்தல் பழைய நோவை மீண்டும் நினைவூட்டுவதேயாம். முதலில் தோளைத் தடவுக. அது அமைதியாக நின்ற கணத்திலேயே கையை எடுத்துவிடுக. மறுநாள் முழங்காலளவு, பின்னர் குளம்பு வரை. இதற்கு வாரங்களும் ஆகலாம். அதன்பின்னரே குளம்பு திருத்துபவரை அழைத்தல் தகும்.

சவாரிக்கு அவசரம் வேண்டாம். குதிரையின் முதுகெலும்பு முற்ற ஐந்தாறு ஆண்டுகள் செல்லும். நடையைக் கற்பிக்க முயல்வதும் வேண்டாததே. அஞ்சி உடலை இறுக்கிய குதிரையின் நடை குலையும். கயிற்றைத் தளரவிட்டுச் சமநிலத்தில் மெல்ல நடத்திவந்தால், உடல் நெகிழ, பிறவி நடை தானே மீளும்.

ஒருநாட் காலை, எவரும் வற்புறுத்தாமலே குதிரை தன் காலைத் தூக்கிப் பேணுபவரின் கையில் வைக்கும். அன்றுதான் அது புதிய இல்லத்துக்கு உண்மையில் வந்து சேர்ந்தது எனலாம்.