சிங்கமும் கொசுவும்

ஆப்பிரிக்கக் காடுகளைக் காணப் புறப்படுவோர் உள்ளத்தில் முதலில் எழும் அச்சம் சிங்கத்தைப் பற்றியதே. ஆயினும், கென்யாவின் மசாய் மாரா போன்ற சரணாலயங்களில், விதிகளை மதித்து வண்டிக்குள்ளேயே அமைதியாக அமர்ந்திருப்பவரைச் சிங்கம் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பயணிக்கு உண்மையான பகை, சின்னஞ்சிறு கொசுவே ஆகும். அது தரும் நோய்களுள் இரண்டை நேயர்கள் அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, மஞ்சள் காய்ச்சல். நம் நாட்டில் இந்நோய் இல்லை. ஆனால் இதைப் பரப்பவல்ல ஏடிஸ் கொசு இங்கு ஏராளம். டெங்குவைப் பரப்புவதும் அதுவே. ஒரு நோயாளி வந்திறங்கினாலும் நோய் இங்கு வேரூன்றிவிடக்கூடும். ஆகையால், கென்யா போன்ற நாடுகளிலிருந்து தடுப்பூசிச் சான்றிதழ் இன்றித் திரும்புவோரை 6 நாள் வரை தனியே வைத்துக் கண்காணிப்பது நம் அரசின் விதி. அரசு அங்கீகரித்த நிலையத்தில், பயணத்திற்குக் குறைந்தது 10 நாள் முன்பாக ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். 2016 முதல் அச்சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். கருவுற்றோரும் அறுபது வயது கடந்தோரும் முதலில் மருத்துவரைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, மலேரியா. கொசுவின் வயிற்றில் இதன் கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் கண்டறிந்தது 1897-இல், நம் செகந்திராபாத்தில். ஆப்பிரிக்காவில் மிகுந்துள்ள பால்சிபாரம் வகை, மூளையைத் தாக்கி விரைவில் உயிரைப் பறிக்கவல்லது. மருத்துவர் தரும் தடுப்பு மாத்திரைகளைப் பயணத்திற்கு முன்பே தொடங்கி, திரும்பிய பின்னும் அவர் குறித்த நாள் வரை உண்ண வேண்டும். இக்கொசு அந்தி முதல் விடியல் வரை கடிப்பதால், அவ்வேளையில் உடல் மறைக்கும் ஆடையும், உறங்கும்போது கொசுவலையும் இன்றியமையாதவை. பகலில் கடிக்கும் ட்செட்சி ஈ, நீலமும் கருமையும் கண்டால் நாடி வரும்; அந்நிற ஆடைகளைத் தவிர்க்கலாம்.

விலங்குகளிடம் கவனம் வேண்டாமென்பதன்று. நீர்யானைக்கும் நீருக்கும் இடையே நிற்றல் ஆபத்து. இரவில் காவலர் துணையின்றிக் கூடாரத்தை விட்டு வெளியேறலாகாது. விக்டோரியா ஏரி போன்ற நன்னீரில் குளித்தலும் தகாது. நத்தைகள் வழியே பரவும் புழுநோய் தோலைத் துளைத்து உட்புகும்.

திரும்பிய சில வாரங்களிலோ மாதங்களிலோ காய்ச்சல் கண்டால், சாதாரணச் சுரமென்று வாளாவிருக்கலாகாது. அன்றே மருத்துவரிடம் சென்று, ஆப்பிரிக்கா சென்று வந்ததை முதற்செய்தியாகக் கூறி, இரத்தத்தைச் சோதிக்கச் செய்யுங்கள். அந்த ஒரு சொல் உயிரைக் காக்கும்.