"டம்ளரை ஏன் தனியா வைக்கறீங்க அத்தே?" - பேசிப் பழகும் பெண்கள்!

எச்.ஐ.வி. பயத்தை விரட்டும் குழு சிகிச்சை

சென்னை,-

வட்டமாகப் போட்ட நாற்காலிகள். எட்டுப் பத்துப் பெண்கள். மேடை இல்லை, மைக் இல்லை.

ஒருத்தி மாமியாராக நடிக்கிறாள். இன்னொருத்தி மருமகள். மாமியார் டம்ளரைத் தனியாக எடுத்து வைக்கிறாள். மருமகள் தலையைக் குனிகிறாள்.

"குனியாதே! நிமிர்ந்து கேளு!" என்று மற்றவர்கள் குரல் கொடுக்கிறார்கள்.

"டம்ளரால இது ஒட்டாது அத்தே. ஏன் தனியா வைக்கறீங்க?"

கைதட்டல்!

இது நாடக ஒத்திகை அல்ல. எச்.ஐ.வி. கிருமியோடு வாழும் பெண்களுக்கான குழு சிகிச்சை இப்படித்தான் நடக்கும்.

மாத்திரை உண்டு, ஆனால்...

இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில்தான். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். 2004 ஏப்ரல் முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. தவறாமல் சாப்பிட்டால் கிருமி அடங்கும். பரிசோதனையிலேயே தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டால், தாம்பத்திய உறவில்கூடத் தொற்றாது.

ஆனால் அவமானத்துக்கு மாத்திரை ஏது?

புருஷனிடமிருந்து தொற்றிய பெண்கள் ஏராளம். அவன் கண்ணை மூடியதும், "நீதாண்டி காரணம்" என்று பழி இவள் தலையில் விழும். அப்புறம் கல்யாணம் கிடையாது, கோவில் கிடையாது. நாலு சுவருக்குள்ளேயே முடங்கிவிடுகிறாள்.

முதல் விதி

"இங்கே பேசினது இந்த அறையைத் தாண்டக்கூடாது." இதுதான் முதல் விதி.

முதல் நாள் பெரும்பாலும் அழுகைதான். பேர் சொல்லவே சிலருக்கு வாய் வராது. யாரும் வற்புறுத்துவதில்லை. பக்கத்தில் இருப்பவள் தன் கதையைச் சொல்லச் சொல்ல, 'நமக்கு மட்டுந்தான்' என்ற எண்ணம் கரைகிறது.

பிறகு வீட்டுப்பாடம்! "ஒரு விசேஷத்துக்குப் போய் வா. பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரியிடம் ரெண்டு வார்த்தை பேசு." அடுத்த வாரம் வந்து நடந்ததைச் சொல்லவேண்டும்.

யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமலே இருப்பது என்பதும் பாடம்தான். தைரியம் என்றால் ஊருக்குத் தண்டோரா போடுவது அல்ல!

"இது என் வீடு!"

1998-ல் சென்னையில் கௌசல்யாவும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து, தங்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். பாதிக்கப்பட்டவளே பாதிக்கப்பட்டவளுக்குத் துணை!

2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, குடும்ப வீட்டை விட்டு இவர்களைத் துரத்தக்கூடாது. ஆனால் "இது என் வீடு" என்று சொல்ல முதலில் குரல் எழும்பவேண்டுமே!

அந்தக் குரலுக்குத்தான் இந்த ஒத்திகை.

விவரம் கேட்க, அரசின் இலவச போன்: 1097.